வீடு விற்கும் வீடியோவுக்குக் கருவி வாங்கப் போகிறீர்களா? குளியலறையை அளந்துவிட்டுப் போங்கள்

நான் கேமராக்காரி இல்லை. வீடு விற்றுக் கொடுப்பதுதான் என் தொழில். ஆள் வைத்து வீடியோ எடுத்துப் பார்த்தேன். அவர்கள் வரும் நாளில் வீட்டுச் சாவி கிடைக்காது, சாவி கிடைக்கும் நாளில் அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். சரி, நாமே எடுத்துவிடலாம் என்று இறங்கினேன்.

கடைக்குப் போனதும் நான் கேட்ட கேள்வியே தப்பு. "நல்ல கேமரா எது?" என்றேன். அவரும் நல்லதாகவே கொடுத்தார்: ஃபுல் ஃபிரேம் கேமரா (படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் வகை), அதோடு 24-70 மி.மீ. லென்ஸ், எஃப்/2.8 (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது, பின்னணி மங்கும்). முதல் வேலையாக ஒரு சமையலறையை எடுத்தேன். மேடையில் இருந்த பூச்சாடி பளிச்சென்று விழுந்தது, அதற்குப் பின்னால் எல்லாம் வெண்ணெயாகக் குழைந்து மங்கிவிட்டது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, என் கிச்சன் எங்கே?" என்று கேட்டார்.

அன்றைக்குத்தான் உறைத்தது. முகத்தைப் படம் பிடிப்பவர்களுக்குப் பின்னணி ஒரு இடைஞ்சல். நமக்குப் பின்னணிதான் சரக்கு. கேமரா பற்றி வரும் விமர்சனங்களில் பாதி, முகம் எடுப்பவர்களுக்காகச் சொல்லப்படுபவை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், கரைந்துபோகும் பின்னணி எல்லாம் அவர்களுக்கு உயிர். நமக்கு அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. நமக்கு வேண்டியது வேறு. அது என்ன என்று தெரிய ஒரு டேப் போதும்.

முதலில் டேப், அப்புறம் லென்ஸ்

நீங்கள் வழக்கமாக விற்கும் வீடுகளில் ஆகச் சின்ன அறை எது? பெரும்பாலும் குளியலறையாகத்தான் இருக்கும். அதை அளந்துகொள்ளுங்கள். நான் பார்க்கும் வீடுகளில் 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம் என்று வரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அறையின் அகலத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் (எண் குறையக் குறையப் பார்வை அகலும்) பெருக்கி 36ஆல் வகுத்தால், கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பக்கச் சுவர்கள் படத்துக்குள் வருகின்றன என்று தெரிந்துவிடும். வாசல் நடுவில் நின்று 24 மி.மீ. லென்ஸில் பார்த்தால், 1.5 × 24 ÷ 36, அதாவது 1 மீட்டர். வாசலை ஒட்டி ஒரு வாஷ் பேசின் இருந்தால் அது படத்திலேயே இல்லை. 16 மி.மீ. லென்ஸில் அதே கணக்கு 67 செ.மீ. என்று வரும். பேசின் உள்ளே வந்துவிடுகிறது.

படுக்கையறைக்கும் போட்டுப் பாருங்கள். அறையின் அகலம் 3 மீட்டர், கேமராவிலிருந்து எதிர்ச் சுவர் 3.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24 மி.மீ. லென்ஸில் பக்கச் சுவரின் கடைசி 1.2 மீட்டர்தான் தெரியும். 16 மி.மீ. லென்ஸில் கிட்டத்தட்ட 1.9 மீட்டர் தெரியும். அலமாரி இருக்கிறதா இல்லையா என்று வாங்க வருபவர் கேட்கும் கேள்விக்குப் பதில் அந்த 70 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

கேமராவின் சென்சார் ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி அளவு என்றால், லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை முதலில் 1.5ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் (கேனன் என்றால் 1.6). அதைவிடவும் சின்னதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2ஆல். ஆக, ஃபுல் ஃபிரேமுக்கு 16-35, ஏபிஎஸ்-சிக்கு 10-18 அல்லது 10-20, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 8 மி.மீ.யில் தொடங்கும் ஜூம். இந்த ஒரு லென்ஸை முடிவு செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதில் எஃப்/2.8 தேவையா என்றால், தேவையில்லை என்பேன். நாம் எடுப்பது எஃப்/5.6, எஃப்/8 என்ற திறப்பில். 16 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, 1 மீட்டருக்குச் சற்றுத் தள்ளி ஃபோகஸைப் பூட்டிவிட்டால், அரை மீட்டரிலிருந்து ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் வரை போதுமான கூர்மையோடு வரும். ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலையாது. எஃப்/4 லென்ஸ்கள் எடையிலும் கை கொடுக்கும். சோனியின் 16-35 எஃப்/4 பவர் ஜூம் 353 கிராம்தான். அதே 16-35இல் எஃப்/2.8 திறப்புள்ள முதல் ஜி மாஸ்டர் (சோனியின் உயர்ரக வரிசை) 680 கிராம். ஒரு நாளில் மூன்று வீடு எடுத்தால் இந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும். இந்தப் பவர் ஜூமில் இன்னொரு வசதி, ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாது. கிம்பலில் (நடக்கும்போது வரும் நடுக்கத்தை மோட்டாரால் சமன் செய்யும் கைப்பிடி) போட்ட சமநிலை அப்படியே இருக்கும்.

அகலம் நல்லது என்றதும் 12 மி.மீ.க்குப் போய்விடாதீர்கள். நான் போனேன். ஒரு சின்ன ஹால், 12 மி.மீ. லென்ஸில் கல்யாண மண்டபம் மாதிரி வந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பமே கிளம்பி வந்தது. உள்ளே நுழைந்ததும் அந்தப் பெரியவர் இரண்டு அடி வைத்து நின்று, "இதுதானா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காட்டிய எல்லாவற்றையும் அவர் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தார். நன்றாக இருந்த பால்கனியைக்கூட. அந்த வீடு விற்கவில்லை என்பதைவிட, அவர் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டு போனதுதான் எனக்கு வருத்தம். ரொம்ப அகலமான லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். வட்ட மேசை முட்டை வடிவமாகும், ஓரத்தில் நிற்கும் ஃபிரிட்ஜ் இரண்டு ஆள் அகலமாகும். இப்போது குளியலறைக்கு 16, மற்ற அறைகளுக்கு 18 முதல் 24 வரை என்று வைத்திருக்கிறேன். சமையலறை மேடை, கதவுக் கைப்பிடி மாதிரி அருகில் காட்டுவதற்கு 35.

செங்குத்து வீடியோ கேட்பவர்கள்

ஃபோனைப் பிடித்தபடியே பார்க்கும் 9:16 வீடியோதான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. படுக்கைவாட்டில் எடுத்ததைப் பிறகு செங்குத்தாக வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். 4கே படத்தின் அகலம் 3,840 புள்ளிகள். அதிலிருந்து செங்குத்தாக வெட்டினால் மிஞ்சுவது 1,215 புள்ளிதான். ஃபோன் திரைக்குத் தெளிவு போதும். ஆனால் பார்வை? 16 மி.மீ. லென்ஸ் படுக்கைவாட்டில் 97 டிகிரி பார்க்கும். வெட்டிய படத்தில் அது 39 டிகிரியாகச் சுருங்கிவிடும். கதவிடுக்கு வழியாக வீட்டைப் பார்க்கிற மாதிரி.

கேமராவையே திருப்பி நிறுத்தி எடுத்தால் 65 டிகிரி கிடைக்கும். அகலத்தைப் பொறுத்தவரை 16 மி.மீ. லென்ஸ் அப்போது 28 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். அதனால் கிம்பலோ ட்ரைபாடோ வாங்கும்போது கேமராவைச் செங்குத்தாக மாட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எல்-பிராக்கெட் என்று ஒரு துண்டு தனியாக வாங்க வேண்டிவரும்.

நடுக்கம்

முதலில் நல்ல ட்ரைபாட். மேலே எண்ணெய்ப் பிடிப்புள்ள ஃப்ளூயிட் ஹெட் இருக்கட்டும், திருப்பும்போது கேமரா தடுக்கித் தடுக்கி நகராது. ட்ரைபாடில் நீர்மட்டக் குமிழி இருப்பது கட்டாயம். கேமரா கொஞ்சம் குனிந்தாலும் சுவரோரங்கள் சாய்ந்து, வீடே விழப் போகிற மாதிரித் தெரியும். உயரம் எனக்கு 1.2 மீட்டர் சரியாக வருகிறது. சமையலறையில் மேடையின் மேல்பரப்பு தெரிய வேண்டும், அங்கே மட்டும் 1.4க்கு ஏற்றுவேன்.

அப்புறம் கிம்பல். அட்டையில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பார்த்து, உங்கள் கேமரா, லென்ஸ், தகடு எல்லாம் சேர்த்து அதில் முக்கால் பங்குக்குள் வருமாறு வாங்குங்கள். டிஜேஐ ஆர்எஸ் 3 மினி 2 கிலோ வரை தாங்கும். 353 கிராம் லென்ஸோடு ஒரு மிரர்லெஸ் கேமரா என்றால் அதுவே தாராளம். நான் முதலில் வாங்கியது வேறொன்று, வரம்பை ஒட்டி எடை ஏற்றினேன். மாடிப்படி ஏறும்போது மோட்டார் தேனீ மாதிரி ரீங்கரித்தது, படத்தில் ஒரு மெல்லிய அதிர்வு. காலையிலிருந்து மாலை வரை எடுத்தது அத்தனையும் வீண்.

இன்னொன்று யாரும் சொல்லித் தரவில்லை. என் அண்ணன் மகன் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே, "அத்தை, நீங்க நடக்கலை, சுவர்தான் நடக்குது" என்றான். பார்த்தால் உண்மை. நடுவில் எல்லாம் அமைதி, நான்கு மூலையும் ஜெல்லி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கேமராவுக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கம் குறைக்கும் வசதி, அகலமான லென்ஸோடு நடந்தால் இப்படி மூலைகளை ஆட்டிவிடும். கிம்பலில் ஏற்றியதும் அதை அணைத்துவிடுங்கள். ஆக, அந்த வசதிக்காக மட்டும் பெரிய கேமராவுக்குத் தாவ வேண்டாம். கணினி வழியில் நடுக்கம் குறைக்கும் முறை இன்னொரு வகை. அது படத்தின் ஓரத்தை வெட்டித்தான் நிலைப்படுத்துகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய அகலத்தை அது தின்றுவிடும்.

காலுக்கு சாக்ஸ். செருப்புச் சத்தமும் போகும், குதிகால் அதிர்வும் குறையும்.

ஜன்னல்

இந்த வேலையில் உண்மையான எதிரி ஜன்னல்தான். வெயில் அடிக்கும் வெளிப்புறத்துக்கும், விளக்குப் போட்ட சாதாரண அறைக்கும் ஒளியில் எட்டு ஸ்டாப் வரை வித்தியாசம் வரும். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. எட்டு ஸ்டாப் என்றால் 256 மடங்கு. அறை தெரியும்படி வைத்தால் ஜன்னல் வெள்ளைத் துணியாகிவிடும். ஜன்னல் தெரியும்படி வைத்தால் அறை குகையாகிவிடும்.

இங்கேதான் கேமராவின் உள் விவரம் ஒன்று முக்கியமாகிறது: 10-பிட் பதிவு. 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1,024. லாக் முறையில் (பிறகு சரிசெய்துகொள்ள வசதியாக, மங்கலாகப் பதியும் முறை) எடுத்துப் பிறகு இருட்டை ஏற்றும்போது, 8-பிட் படத்தில் வெறும் சுவரெல்லாம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். முகம் எடுப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நாம் எடுப்பதே சுவர். அதனால் கேமரா வாங்கும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இந்த 10-பிட்தான்.

ஆனால் எந்தக் கேமராவும் நேரத்தை வெல்லாது. வீட்டின் எந்தப் பக்கம் கிழக்கு என்று முதல் நாளே பார்த்துவிட்டு, கிழக்கு அறைகளைப் பிற்பகலிலும் மேற்கு அறைகளைக் காலையிலும் எடுங்கள். நேர் வெயில் இல்லாத பக்கம் வித்தியாசம் குறைந்துவிடும். ஹாலிலிருந்து பால்கனிக்கு ஒரே ஓட்டமாக நடந்து எடுக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்குங்கள். வெளிச்சம் மாறும்போது படம் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கும். அறைக்கு ஒரு ஷாட், எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டிவிட்டு எடுத்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

விளக்குகளில் இரண்டு சிக்கல். ஒன்று துடிப்பு. உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி. 60 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஃபிரேம், 1/60. மாற்றி வைத்தால் சுவரில் கருப்புப் பட்டைகள் மெதுவாக ஊரும். ஷட்டரைக் கையால் வைக்க முடியாத கருவியை இதற்காகவே தவிர்க்கலாம். இரண்டாவது நிறம். ஒரே ஹாலில் ஒரு பல்பு 2,700 கெல்வின் மஞ்சள், அடுத்தது 6,500 நீலம், ஜன்னல் வெளிச்சம் நடுவில். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வொயிட் பேலன்ஸை எங்கே வைத்தாலும் ஒரு மூலை தப்பாகத்தான் இருக்கும். இதற்கு நான் வாங்கிய கருவி ஆறு எல்இடி பல்புகள், எல்லாம் ஒரே நிறம், திருகும் வகை மூன்று, மாட்டும் வகை மூன்று. போனவுடன் மாற்றிப் போட்டு, முடிந்ததும் பழையதை மாட்டிவிட்டு வருவேன். பெரிய விளக்கு ஸ்டாண்டு ஒன்று வாங்கி ஒரு வருடம் மூலையில்தான் கிடக்கிறது. சொன்னால் வெட்கம்.

வெளிப்புறம் எடுக்க, லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் 1/50 ஷட்டர் வைக்க முடியாது. திருகித் திருகி அடர்த்தி மாற்றும் வகை வசதிதான். ஆனால் 16 மி.மீ.யில் முழு அடர்த்திக்குத் திருகினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு நிழல் விழும். நிலையான என்டி8, என்டி64 இரண்டும் போதும்.

சரி, கேமரா?

இவ்வளவுக்குப் பிறகுதான் கேமரா. 10-பிட், கையால் ஷட்டர், 4கே. எஃப்/5.6இல் 1/50 வைத்தால், விளக்குப் போட்ட அறைக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்; ஏற ஏறப் படத்தில் புள்ளி கூடும்) 1,200 வாக்கில் வரும். இன்றைய ஏபிஎஸ்-சி சென்சார்கள் அதை அலட்டாமல் தாங்கும். 4கேயில் எடுக்கும்போது படம் வெட்டுப்படுகிறதா என்று மட்டும் துருவிக் கேளுங்கள். சோனி ஏ7 ஃபோர் மாதிரி ஃபுல் ஃபிரேம் கேமராவிலேயே, 4கே 60 ஃபிரேம் போட்டால் ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டுப்பட்டு, 16 மி.மீ. லென்ஸ் 24 ஆகிவிடும். அந்தக் குளியலறைக் கணக்கு மறுபடி முதல் வரிக்கு வந்துவிட்டது பாருங்கள். கேமரா உடல் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, லென்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃபோனே போதாதா என்று கேட்பீர்கள். மாதம் ஒன்றிரண்டு வீடு என்றால் போதும். ஃபோனின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மி.மீ. வாக்கில் இருக்கும், அல்ட்ரா வைட் பல ஃபோன்களில் 13 வாக்கில். நமக்கு வேண்டிய 16 முதல் 20 வரைதான் நடுவில் விட்டுப்போகிறது. அல்ட்ரா வைடின் சென்சார் பெரும்பாலும் சின்னது, மாலை நேரத்தில் சுவரெல்லாம் புழுதி பறக்கும். பகலில் அல்ட்ரா வைடைக் கொஞ்சம் ஜூம் செய்து வைத்து, எக்ஸ்போஷரைப் பூட்டி எடுத்தால் தப்பில்லை. இடைப்பட்டதாக டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 இருக்கிறது: ஒரு இஞ்ச் சென்சார், 20 மி.மீ.க்குச் சமமான பார்வை, கிம்பலும் உள்ளேயே. படுக்கையறை, ஹாலுக்கு நன்றாக உழைக்கும். குளியலறையில் மட்டும் முதுகு சுவரில் ஒட்டும்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் வீட்டுக்குள் நின்று பேசப் போகிறீர்கள் என்றால் சட்டையில் மாட்டும் வயர்லெஸ் மைக் வாங்குங்கள், மோவாய்க்கு ஒரு சாண் கீழே. காலி வீட்டில் எதிரொலி கேமரா மைக்கைக் கொன்றுவிடும். நான் பெரும்பாலும் பிறகுதான் குரல் சேர்க்கிறேன், என் துணி அலமாரியைத் திறந்து வைத்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு. வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். குரல் சுத்தமாக வரும்.

ட்ரோன் எல்லா வீட்டுக்கும் வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு விற்க மொட்டை மாடியைக் காட்டி என்ன ஆகப் போகிறது? தோட்டமும் நிலமும் இருந்தால் வாடகைக்கு ஆள் கூப்பிடுங்கள். சொந்தமாக வாங்குவதானால் 250 கிராமுக்குக் கீழே பாருங்கள். பல நாடுகளில் அந்த எடைக்கு விதிகள் இலகு. இலகு என்றால் விதியே இல்லை என்று அர்த்தமில்லை, பறக்கவிடும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 360 டிகிரி கேமரா வேறு பண்டம். பார்ப்பவர் தானே சுற்றிப் பார்க்கும் காட்சிக்கு அது சரி, வீடியோவுக்கு மாற்றாக வாங்காதீர்கள்.

மெமரி கார்டில் வி30 (பதிவு வேகத்தின் குறி) என்று எழுதியிருக்கட்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் 45 ஜிபி ஆகும், அதைக் கணக்கில் வைத்து இரண்டு கார்டு. பேட்டரி மூன்று. பையில் இன்னும் சில: மரத்தில் செய்த கதவு ஆப்பு இரண்டு (பாதி எடுக்கும்போது கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்), கண்ணாடி துடைக்கும் துணி, கருப்புச் சட்டை. கருப்புச் சட்டை எதற்கு என்று குளியலறைக் கண்ணாடியைக் கடந்துபோகும்போது தெரியும்.

காசு கொடுக்கும் முன் ஒரு வேலை. உங்கள் மெமரி கார்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அங்கே ஆகக் குறுகலான இடம் ஒன்று இருக்கும், பொருள் அடுக்கும் பின்னறையோ, அவர்களுடைய கழிவறையோ. அனுமதி கேட்டு, வாங்க நினைக்கும் கேமராவையும் லென்ஸையும் அங்கே கொண்டுபோய் ஒரு நிமிடம் எடுங்கள்: நின்றபடி ஒன்று, நடந்தபடி ஒன்று, விளக்கைப் பார்த்து ஒன்று. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் நான்கு மூலையையும் பாருங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். "கழிவறையிலயா மேடம்?" என்றார். பையன் ஒருவனை அனுப்பி, முதலில் அதைக் கழுவிவிடச் சொன்னார்.